சாக்குச் சுவரும் சலவைக்கல்லும்

தேசிய நாடக மன்றம் திறந்த அன்று சாயங்காலம், கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரை ஒட்டி நான் நின்றுகொண்டிருந்தேன். அஸ்திவாரம் தோண்டின நாளிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு மேற்பார்வை பார்த்தவன் நான். எனக்கு ஒரு நாற்காலி ஒதுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது வேறு விஷயம். திரை விலகியது. ராஜா வேஷத்தில் மரகதம் அம்மாள் வந்து நின்று முதல் வசனத்தைப் பேசினார்.

பேசியது ஒரு வசனம். எங்களுக்கு வந்தது நாலைந்து. முதல் சொல் பின்சுவரில் மோதித் திரும்பி வருவதற்குள் மூன்றாவது சொல் கிளம்பிவிட்டது. சந்தையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் விலை கூவுவது போல இருந்தது. ஜனங்கள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு நடுவிலிருந்து ஒருவர் எழுந்து, "ஏனம்மா, என்ன சொல்றீன்னு ஒண்ணும் வெளங்கலியே!" என்று கத்தினார். அந்தக் கத்தலும் எதிரொலித்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஜனங்கள் சிரித்து ஓய்ந்த பிறகும் சுவர் சிரித்துக்கொண்டிருந்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த மன்றத்துக் கமிட்டித் தலைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் நான் அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். கட்டட வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எதையெதையோ படித்துவிட்டு வருகிறார்கள். இதையும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். இனிப்பாக எழுத எனக்கு வராது.

1. தூண் இல்லாத பால்கனி

என் பெயர் சவரிமுத்து. சேலம் டவுன்காரன். மிஷன் தொழிற்பள்ளியில் கொத்து வேலையும் பிளான் பார்க்கவும் கற்றுக்கொண்டு, மேட்டூர் அணை வேலையில் சிமெண்டு பழகினேன். அணை முடிந்து ஊருக்குத் திரும்பிச் சின்னச் சின்ன வேலையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மன்றத்து வேலை வந்தது.

சேலத்திலும் நாமக்கல்லிலும் இருந்த பெரிய மனிதர்கள் சிலர் ஒரு கமிட்டி சேர்த்திருந்தார்கள். நாடு விடுதலை அடையப் போகிறது, நம் நாடகம் மட்டும் தகரக் கொட்டாயில் மழைக்கு ஒழுகிக்கொண்டு கிடக்கலாமா, அதற்கென்று நிரந்தரமாக ஒரு தேசிய மன்றம் வேண்டாமா என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணம். அதை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். ஓமலூர் ரோட்டில் இடம் வாங்கினார்கள்.

கமிட்டித் தலைவர் நாமக்கல் பக்கத்தில் பெரிய பண்ணைக்காரர். கதர் ஜிப்பா போட்டு, கார் வைத்திருந்தார். அந்தப் பக்கத்து வழக்கப்படி எல்லோரும் அவரைப் 'பண்ணாடி' என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

பிளான் போட்டவர் ரகுநாதன் என்ற ஆர்க்கிடெக்ட். மெட்ராஸ்காரர், பம்பாயில் படித்தவர். அவர் வரைந்த முகப்பில் கோபுரம் இல்லை, தாமரை இல்லை, யானை இல்லை, யாளி இல்லை. மொழுமொழுவென்று வளைந்து போகிற ஒரே வெள்ளைச் சுவர். அதன் மேல் நெடுக ஓடும் ஒரு சன்ஷேடு. அவ்வளவுதான். ஹால் விசிறி மாதிரி மேடையிலிருந்து விரிந்துகொண்டே போகும். தரை பின்னால் போகப் போக உயரும். முன்னால் இருப்பவரின் தலைப்பாகை பின்னால் இருப்பவருக்கு மறைக்காது. தரை டிக்கெட்டுக்கு ஒரு வாசல், சோபா டிக்கெட்டுக்கு ஒரு வாசல் என்ற பேச்சே கிடையாது. எல்லோருக்கும் ஒரே வாசல். உள்ளே ஒரு தூண்கூட இல்லை.

ஓமலூர்ச் சந்தைக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்கள் நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள்.

"ஏனுங்க, இதென்னங்க தண்ணி டேங்குங்களா?"

"நாடகக் கொட்டாயிங்க."

"கொட்டாயின்னா ஒரு பொம்மையாச்சும் வேண்டாமுங்களா?"

பால்கனிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த சென்டரிங் பலகைகளைப் பிரித்த அன்று தலைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஐந்தாறு வரிசை உட்காரும் பால்கனி, கீழே எந்தத் தாங்கலும் இல்லாமல் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிறது. பாரம் தாங்குகிறதா என்று லோடு டெஸ்ட் பார்க்க அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கினோம். ரகுநாதன் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நேராக அதன் அடியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

"ஒரே ஒரு தூணு மட்டும் குடுத்துருங்க சாமி," என்றார் தலைவர். "பாக்கறவங்களுக்கு ஒரு தைரியம் வேண்டாமுங்களா?"

ரகுநாதன் பேப்பரை மடித்தார். "தூண் வெச்சா அதுக்குப் பின்னாலே உட்கார்றவனுக்கு மேடை தெரியாது சார். தேசிய மன்றம்னு பேர் வெச்சுட்டு ஒருத்தனை மட்டும் இருட்டிலே உட்கார வைக்கலாமா?"

தலைவருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்தில் பேசினாலும், "எங்க மன்றத்துல தூணே கெடையாது, ஏன் தெரியுமா?" என்று ஆரம்பித்து, தானே யோசித்த மாதிரி இதைச் சொல்வார். பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

2. சாக்கு

பூச்சு வேலை முடிந்ததும் ரகுநாதன் மேடையில் ஏறி நின்று ஒரு தடவை கைதட்டினார். சத்தம் போய்ப் பின்சுவரில் மோதி, சீலிங்கில் மோதி, திரும்பத் திரும்ப வந்து, ரொம்ப நேரம் கழித்துத்தான் அடங்கியது.

"கேட்டீங்களா மேஸ்திரி? காங்கிரீட்டும் சிமெண்டும் சத்தத்தை விழுங்காது. அப்படியே திருப்பிக் குடுத்துடும். இந்த ஹால்லே பேசினா ஒரு வார்த்தை புரியாது."

"அப்ப என்னங்க பண்றது?"

"பின்சுவருக்கு ஒரு மெத்தை போடணும்."

பின்சுவர் முழுக்க, தரையிலிருந்து சீலிங் வரைக்கும், ரீப்பர் கட்டை அடித்தோம். கட்டைக்கு நடுவே தேங்காய் நாரைத் திணித்தோம். அதற்கு மேல் சாக்குத் துணியை இழுத்துக் கட்டினோம். சித்தாள்கள் கோணி ஊசியோடு சாரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே தைத்தார்கள். சாக்குக்கு லேசாகச் சாயம் மட்டும் காட்டினோம். எண்ணெய் பெயின்ட் அடித்தால் துணியின் கண் அடைந்துவிடும், சத்தம் உள்ளே போகாது என்று ரகுநாதன் சொல்லியிருந்தார்.

வேலை முடிந்து அவர் மறுபடி கைதட்டினார். ஒரு தட்டுக்கு ஒரு சத்தம்தான் கேட்டது. எங்கள் மாதா கோயிலிலும் எதிரொலி உண்டு. பூசை லத்தீனில் நடப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. நாடகம் தமிழில் அல்லவா நடக்கிறது, புரிந்தாக வேண்டுமே என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். ரகுநாதன் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அந்த வாரத்திலேயே மரகதம் அம்மாள் மன்றத்தைப் பார்க்க வந்தார். ஓமலூர்க்காரர். சொந்தமாக நாடக செட்டு வைத்திருந்தார். ராஜபார்ட் வேஷமும் அவரே கட்டுவார். தகரக் கொட்டாயில் மழை பெய்தால் அதன் இரைச்சலுக்கு மேலே போய்ப் பாடுகிற குரல் அவருக்கு. மன்றம் திறந்ததும் அவருடைய செட்டுதான் அங்கே நிரந்தர செட்டு என்று கமிட்டி வாக்குக் கொடுத்திருந்தது. இனி ஊர் ஊராக வண்டி கட்ட வேண்டியதில்லை. அதை நம்பி அவர் தன் கொட்டாயின் தகரத்தையும் மூங்கிலையும் விற்றுவிட்டிருந்தார்.

மேடை ஏறியவர் என்னைப் பின்சுவர்கிட்டே போய் நிற்கச் சொன்னார். நின்றேன். அவர் வாய் அசைவதுகூட அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் பேசுவது போலக் கேட்டது.

"ஏனுங்க மேஸ்திரி, கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க."

"நெசமாவா? நான் கத்தவே இல்லீங்களே."

"நீங்க மூச்சு உடறதுகூடக் கேக்குதுங்க அம்மா."

அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். பிறகு அதே மெதுவான குரலில் சொன்னார். "சின்னப் புள்ளையில இருந்து கத்திக் கத்தியேதான் நடிச்சுட்டு இருக்கறனுங்க. அழுகற சீனுக்கும் கத்தல்தான். என்ர தொண்டைக்கு இன்னிக்குத்தானுங்க லீவு கெடச்சிருக்குது."

இறங்கி வந்து அந்தச் சாக்குச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். எனக்கு அன்று இருந்த பெருமையை இப்போது சொன்னால் வெட்கமாக இருக்கும்.

3. உபயம்

யுத்தம் வந்தது. ராணுவக் கட்டட வேலைக்கு ஆள் எடுத்தபோது ரகுநாதன் வடக்கே போய்விட்டார். மீதி வேலை சில்லறை வேலைதான், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் மேஸ்திரி என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகு கமிட்டியார் கூட்டமாக உள்ளே வந்தார்கள். விழாவன்று உட்காரப் போகிற மாதிரியே மேடையில் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தெரிவது பின்சுவர்.

"ஏனப்பா மேஸ்திரி, அதென்ன, சாக்கா?"

"ஆமாங்க பண்ணாடி. சத்தம் திரும்பி வராம இருக்கறதுக்குங்க."

"மூட்டைக் குடோனாட்டம் இருக்குதே. கலெக்டரு வந்து பாத்தா என்னன்னு நெனைப்பாரு?"

தேசிய மன்றத்துக்குக் கலெக்டர் என்ன நினைத்தால் என்ன என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். கமிட்டியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் இருந்தார். அவர் சொன்னார்: "அத்தாம் பெரிய செவுரு சும்மாத்தானுங்க கெடக்குது. நன்கொடை குடுத்தவங்க பேரையெல்லாம் சலவைக்கல்லுல வெட்டி அதுல பதிச்சுட்டா ரெண்டு வேலையும் முடிஞ்சுதுங்க."

இதற்கு ஒரு பின்கதை உண்டு. முகப்பிலோ முன்கூடத்திலோ ஒரு பெயர்கூட இருக்கக் கூடாது என்று ரகுநாதன் ஒற்றைக்காலில் நின்றிருந்தார். கொடுத்தவர்களுக்கு அது பெரிய மனத்தாங்கல். நம் பக்கத்தில் கோயில் படிக்கட்டு, மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி, சுமைதாங்கிக் கல், எதை எடுத்தாலும் இன்னார் உபயம் என்று இருக்கும். அதை நான் கேலி செய்ய மாட்டேன். மாதா கோயிலில் என் அப்பா கொடுத்த பெஞ்சிலும் அவர் பெயர் இருக்கிறது. அதில் உட்காரும்போது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பெஞ்சில் பெயர் வெட்டினால் பெஞ்சு கெடுவதில்லை.

நான் முன்னால் போய் நின்று சொன்னேன். "பண்ணாடிங்க, கல்லு பதிக்கோணும்னா சாக்கு, நாரு, கட்டை எல்லாத்தையும் பேத்துப்போட்டுச் செங்கல்லு வரைக்கும் போகோணுமுங்க. அதைப் பேத்துட்டா இங்க பேசறது ஒண்ணும் கேக்காதுங்க."

"மேட்டூர் டேம் மேல நின்னு பேசினாக் கேக்குது. நாலு செவுத்துக்குள்ள பேசறது கேக்காதா?"

"பக்கத்துத் தாழ்வாரத்துல வெச்சுக்கலாமுங்க. நல்ல வெளிச்சம் இருக்குதுங்க."

"தாழ்வாரத்துல எவன் பாப்பான்? பேருன்னா எல்லாரு கண்ணுலயும் படோணுமில்ல?"

"இங்க உக்கார்றவங்க அத்தனை பேரும் அந்தச் செவுத்துக்கு முதுகக் காட்டித்தானுங்க உக்காருவாங்க."

கமிட்டியார் கீழே காலி நாற்காலி வரிசைகளைப் பார்த்தார்கள். பிறகு ஜவுளிக்கடைக்காரர் சொன்னார்: "மேடையில இருக்கறவங்க பாப்பாங்கல்ல?" எல்லோரும் தலையாட்டினார்கள். மேடையில் யார் இருக்கப் போகிறார்கள் என்று அவர்கள் மனதில் இருந்தது அவர்களேதான். நாடகக்காரர்கள் யாருக்கும் ஞாபகத்திலேயே இல்லை.

ரகுநாதனுக்கு எழுதினேன். பதில் இல்லை. இந்தியாவின் எந்த மூலையில் எந்த ஏரோடிரோமுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது. தலைவரின் வீட்டுக்கு இன்னொரு தடவை போனேன். மோர் கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். "நீ நல்ல வேலைக்காரனப்பா. ஆனா குடுத்தவங்க மனசையும் பாக்கோணுமில்ல?" என்றார். நாடகம் பார்க்க வருகிறவர்களுக்கும் மனசு உண்டு என்று சொன்னேன். அவர் என் முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்பினார்.

கல் வர ஆரம்பித்ததும் போட்டி வந்துவிட்டது. முதல் கல் முழ அகலம். அதைப் பார்த்தவர் தன் கல்லை ஒரு சாண் கூட்டினார். அவர் பங்காளி அதற்கு மேல் ஒரு சாண். ஒருவர் தன் பெயரோடு அப்பா, பாட்டன் பெயரையும் சேர்த்து வெட்டிக் கொண்டுவந்தார். கல்லும் கல்லும் சந்திக்கிற இடுக்கிலெல்லாம் சிமெண்டு பூசிக் கண்ணாடி போலத் தேய்க்கச் சொன்னார்கள். நாரை யாரோ மாட்டுக் கட்டுத்தரைக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாக்கு அடுப்பெரிக்கப் போயிற்று.

கடைசியில் மின்சார அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மூலை மட்டும் மிஞ்சியது. இரண்டு ஆள் தோளோடு தோள் ஒட்டி நிற்கலாம், அவ்வளவு அகலம். போட்டியில் பெருத்துவிட்ட கல் எதுவும் அதில் பொருந்தவில்லை. அங்கே சாக்கு அப்படியே இருந்தது.

வேலை முடிந்து பார்க்க வந்த தலைவர் மேடையில் நின்று கைதட்டினார். எதிரொலி புரண்டு புரண்டு வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒருத்தன் தட்டினா நூறு பேரு தட்டறாப்பல கேக்குது பாரப்பா! இதுல என்ன கொறையக் கண்டே நீ?"

4. கத்தல்

திறப்பு விழாவில் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். பாதி நாடகத்தில் பாதி ஜனம் எழுந்து போய்விட்டது. நான் வேஷ அறைக்குப் போனபோது மரகதம் அம்மாள் கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்கு மெதுவாப் பேசினேன், கேட்டுதுங்க. இன்னிக்குக் கத்தினேன், கேக்கலீங்க. என்னங்க பண்ணிப் போட்டீங்க?"

சொன்னேன். எழுந்து வந்து மேடை ஓரத்திலிருந்து பின்சுவரைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று ஒவ்வொரு கல்லாகப் பளபளத்தது. "அத்தனையும் பேருங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். அப்போதுதான் கிரீடத்தைக் கழற்றினார்.

விட்டுவிட்டுப் போகவும் அவருக்கு வழியில்லை. கொட்டாய் இல்லை, செட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சேலத்தில் குடித்தனம் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசிப் பார்த்தார். நாடகம் பாடம் ஒப்பிக்கிறது போல ஆயிற்று. மத்தளத்தைக் குறைத்துப் பார்த்தார். மேடை விளிம்புக்கு வந்து பேசினார். மின்சார அறை மூலையில் நிற்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் தெளிவாகக் கேட்டது. விஷயம் தெரிந்தவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு நேரே அங்கே வந்து நெருக்கியடித்து நின்றார்கள். மற்றவர்கள் "சத்தமா! சத்தமா!" என்றார்கள். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர் கூட்டினார். தினமும் கூட்டினார்.

ஒரு சாயங்காலம் மகனைப் பறிகொடுத்துப் புலம்புகிற காட்சியில், மேலே ஏறின குரல் அங்கேயே அறுந்தது. வாய் திறந்திருக்கிறது, கை ஆடுகிறது, காற்று மட்டும் வருகிறது. ஜனங்கள் அதையும் நடிப்பு என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்கள். அந்த மன்றம் அமைதியாக இருந்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு திரையை இழுத்தார்கள்.

கமிட்டி கூடியது. தலைவர் தீர்ப்புச் சொன்னார்: "கட்டடத்துல ஒரு கொறையும் இல்ல. அந்தம்மாவுக்கு வயசாயிப்போச்சு, தொண்டை போச்சு. நாம என்ன பண்ண முடியும்?" அந்த அம்மாளுக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. செட்டு கலைந்தது. ஆர்மோனியக்காரர் சினிமாப் பக்கம் போனார். இரண்டு பேர் மில்லில் சேர்ந்தார்கள். மரகதம் அம்மாள் ஓமலூரில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார். வைத்தியம் பார்த்தும் குரல் திரும்பவில்லை. உப்புத்தாளால் மரத்தைத் தேய்க்கிற மாதிரி ஒரு சத்தம்தான் தங்கியது.

கமிட்டியார் யாரும் போய்ப் பார்க்கவில்லை. நான் போனேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

5. நெல்

மன்றத்தில் பிறகு யுத்த நிதிக் கூட்டம் நடந்தது, குஸ்தி நடந்தது, பள்ளிக்கூடப் பரிசளிப்பு நடந்தது. குஸ்திக்கு மட்டும் கட்டடம் தோதாக இருந்தது. அதில் பேச்சு கிடையாது. அரிசிப் பஞ்சம் வந்து ரேஷன் வந்ததும் சர்க்கார் அதை நெல் கிடங்குக்கு எடுத்துக்கொண்டது.

கூரையில் ஒழுகுகிறது என்று மழைக்காலத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். போனால் நாற்காலிகளைக் காணோம். மேடை முதல் பின்சுவர் வரைக்கும் மூட்டை. பின்சுவரில் சலவைக்கல் ஒன்றுகூடத் தெரியாதபடி சீலிங் உயரத்துக்குச் சாக்கு மூட்டை அடுக்கியிருந்தது. நான் ஒழுக்கு எங்கே என்று பின்னால் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல், "இந்தக் குளிருக்கு ஒரு டீ குடிச்சாத் தேவலை" என்றது. திரும்பினேன். யாரும் இல்லை. மேடையில், மேஜை போட்டு உட்கார்ந்திருந்த கிடங்கு குமாஸ்தா தனக்குத்தானே முனகிக்கொண்டது அது.

நான் கைதட்டினேன். ஒரு தட்டுக்கு ஒரு சத்தம்.

மூட்டைக் குடோன் மாதிரி இருக்கிறது என்று சாக்கைப் பிய்த்தார்கள். குடோனே ஆகிவிட்டது. குடோன் ஆன பிறகு மன்றம் ரகுநாதன் நினைத்தபடி பேசுகிறது. கேட்கத்தான் நெல்லைத் தவிர யாரும் இல்லை. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னங்க மேஸ்திரி, தலை சுத்துதுங்களா?" என்று குமாஸ்தா அங்கிருந்தே மெதுவாகக் கேட்டார். அதுவும் தெளிவாகக் கேட்டது.

6. அந்த மூலை

யுத்தம் முடிந்தது. மூட்டைகள் போயின, எதிரொலி திரும்பி வந்தது. சுதந்திரமும் வந்தது. கமிட்டி மறுபடி உயிர்பெற்று, மைக்கும் ஒலிபெருக்கிக் குழாயும் வாங்கியது. முன்பு ஒரு சுவர் மட்டும் குளறும். இப்போது குழாயும் சேர்ந்து குளறியது. சுதந்திர நாட்டில் கலைஞர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். முதல் மரியாதை மரகதம் அம்மாளுக்கு. என்ன மரியாதை? பின்சுவரில் அவர் பெயருக்கு ஒரு சலவைக்கல்.

இடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மின்சார அறைக் கதவுக்குப் பக்கத்து மூலை.

தலைவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தலை நரைத்துத் தளர்ந்திருந்தார். "அளவெடுத்து அந்த மூலைக்குத் தக்கனக் கல்லு வெட்டச் சொல்லீட்டேன். நீயே வந்து பதிச்சுக் குடுத்துரு" என்றார்.

"பண்ணாடிங்க, அந்த ஒரு மூலையிலதானுங்க ஜனங்க நின்னு கேட்டுட்டு இருக்கறாங்க. அதையுமா மூடோணும்?"

"அந்தம்மா பேரு விட்டுப்போச்சேன்னு எனக்கு உறுத்தலா இருக்குதப்பா. நாளைக்கு யாரும் ஒரு பேச்சுச் சொல்லப்படாதில்ல?"

உறுத்தல் நிஜம்தான். கண் கலங்கியிருந்தது. நேரே ஓமலூருக்குப் போனேன். வேண்டாம் என்று மரகதம் அம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை.

அவர் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முறத்தை இறக்கி வைத்தார்.

"என்ர பேருங்களா? கல்லுலயா?"

"ஆமாங்க. அந்தச் சாக்கு மூலையிலங்க. நீங்க வேண்டாம்னு சொல்லீட்டா..."

"நான் எதுக்குங்க வேண்டாம்னு சொல்றேன்?" அந்தத் தேய்ந்த குரலில் அவர் பேசுவதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது. "செட்டுப் போச்சு. கொரலு போச்சு. நான் நடிச்சேன்னு சொன்னா என்ர தங்கச்சி மகளே நம்பறதில்லீங்க. கல்லாச்சும் இருக்கட்டுமுங்க. நீங்களே பதிச்சுக் குடுங்க, கோணல் மாணல் இல்லாம."

மறுநாள் மன்றத்துக்குப் போனேன். நானே சாக்கைப் பிரித்தேன். உள்ளே நார் அப்படியே புதிதாக இருந்தது. கல்லைத் தூக்கு குண்டு விட்டுப் பார்த்து, கோணல் இல்லாமல் பதித்தேன்.

விழாவுக்கு அவர் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எனக்கும் இந்தத் தடவை பக்கத்திலேயே ஒரு நாற்காலி கிடைத்தது. கூட்டம் அதிகம் இல்லை. தலைவர் மைக்கின் முன்னால் நின்று நெடுநேரம் பேசினார். நடுவில் நா தழுதழுத்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசாரத்தான் பேசினார். பேசியது சுவரில் போய் மோதி, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, வெறும் இரைச்சலாக எங்களிடம் வந்தது.

மரகதம் அம்மாள் என் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, என்னங்க சொல்றாரு?"

"உங்களைப் பத்தித்தானுங்க பேசறாரு."

"நல்ல விதமாத்தானுங்களே?"

"எனக்கும் கேக்கலீங்க அம்மா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் தலைவரின் வாயையே பார்த்திருந்தார். பிறகு சொன்னார்: "எப்ப எந்திரிச்சுக் கும்புடோணும்னு மட்டும் சொல்லிப் போடுங்க."

தலைவர் பேச்சை நிறுத்திப் பின்சுவரைக் கையால் காட்டினார். நான் மரகதம் அம்மாளின் முழங்கையைத் தொட்டேன். எழுந்தார். அத்தனை பெயர்களுக்கும் நேராகத் திரும்பி நின்று, ராஜபார்ட் எழுந்து நிற்கிற அதே கம்பீரத்தோடு கும்பிட்டார். கைதட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். ஊரே திரண்டு தட்டுவது போல ரொம்ப நேரம் கேட்டது. அவர் முகத்தில் சந்தோஷம். அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

நான் கற்றது இதுதான். மன்றம் கட்டி முடித்தால், யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்களே மேடை ஏறி ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். ஒரு தட்டுக்கு ஒரு சத்தம் கேட்டால் அங்கே நாடகம் போடலாம். நூறு கேட்டால் விழா மட்டும்தான் நடத்த முடியும்.